விசா கிடைச்சாச்சு... ஓடிபி எப்போ வரும்?

வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பது பற்றிப் பேச்சு வந்தாலே, மத்திய அரசு முதலில் கை வைப்பது விசாவில்தான். அதில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 2014 நவம்பரில் தொடங்கிய ஆன்லைன் விசா வசதி, இன்று 150-க்கும் மேற்பட்ட நாட்டவர்களுக்கு இருக்கிறது. தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கூட்டம் வந்ததா? 2019-ல் இந்தியா வந்த வெளிநாட்டவர் சுமார் 1.09 கோடி. கொரோனா முடிந்து, 2024-லும் ஒரு கோடியைத் தொடவில்லை. அதே ஆண்டு தாய்லாந்துக்குப் போனவர்கள் சுமார் 3.5 கோடி. அதில் நம்மவர்களே 20 லட்சத்துக்கும் மேல்!

இத்தனைக்கும் 2025-26 பட்ஜெட்டில் வெளிநாட்டு விளம்பரத்துக்கான ஒதுக்கீடு 33 கோடி ரூபாயிலிருந்து சுமார் 3 கோடியாகச் சுருங்கியது. அது தனிக் கதை.

நிஜமான சிக்கல் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பிக்கிறது. சென்னையில் இறங்கி மாமல்லபுரம் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2021-22-ல் தாஜ்மஹாலைவிட அதிக வெளிநாட்டவர், 1.44 லட்சம் பேர், பார்த்த இடம் அது. அவரிடம் இந்திய எண் இல்லை. பல ஆப்கள் +91 எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். சிம் வாங்கலாம்னா பாஸ்போர்ட் நகல், விசா நகல், அப்புறம் ஆக்டிவேட் ஆகும்வரை காத்திருப்பு. இளநீர்க் கடையில் க்யூஆர் கோடுதான். அவர் கார்டை எங்கே தேய்ப்பது? நமக்குக் கைகொடுக்கும் யுபிஐ, அவருக்குக் குறுக்கே நிற்கும் சுவர்.

கடற்கரைக் கோயில் கவுன்டரில் நமக்கு 40 ரூபாய், அவருக்கு 600. இரட்டைக் கட்டணம் பல நாடுகளில் உண்டு, தப்பில்லை. ஆனா 15 மடங்கு வாங்கினா, சுத்தமான கழிப்பறையாவது தரணும்ல?

தீர்வு இல்லாமலும் இல்லை. 2023 ஜி-20 சமயத்தில் வெளிநாட்டவருக்கென்றே 'யுபிஐ ஒன் வேர்ல்டு' வாலட் வந்தது. இந்தியாவில் வங்கிக் கணக்கு இல்லாமலே பணம் செலுத்தலாம். அதற்கும் பாஸ்போர்ட், விசா காட்டிச் சரிபார்க்க வேண்டும். விசாவுக்கே அதெல்லாம் கொடுத்தாச்சே, மறுபடி எதற்கு?

பாதுகாப்பு என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தானே இமிகிரேஷனில் கைரேகை எடுக்கிறார்கள்? விசா ஒப்புதல் மெயிலிலேயே வாலட்டையும் இ-சிம்மையும் சேர்த்து அனுப்பட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் நொடியில் இரண்டும் ஆக்டிவேட் ஆகட்டும்.