மல்லாந்து உறங்கட்டும் மழலை

உடுப்பிட்டியில் நமது அயல்வீட்டு ஆச்சி அடுத்த மாதம் கனடாவுக்குப் பயணமாகிறார். அங்கே மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. சென்ற ஞாயிறு மாலை கைத்தொலைபேசியில் வந்த படமொன்றை நம்முன் நீட்டி, “தம்பி, உது என்ன கோலம்? தலகணி இல்லை, போர்வை இல்லை, வெறுங்கட்டிலிலை பிள்ளையைப் போட்டிருக்கினம். தாய் தேப்பன் இல்லாத பிள்ளை மாதிரி!” என்று கண்கலங்கினார். அவரது பயணப் பெட்டியிலோ, தம் கையால் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றும், கம்பளித் தொப்பி இரண்டும், ஏணை கட்டுவதற்கென்று பழஞ்சேலை இரண்டும் முன்னரே ஏறிவிட்டன.

தாதியர் சொன்னபடிதான் மகள் நடந்திருக்கிறாள் என்று நாம் கூறியது ஆச்சிக்கு ஆறுதல் அளிக்கவில்லை. அவரைப் போன்றோர் நம்மூரில் பலர் உளராதலின், இவ்வாரம் இதனைப் பற்றியே பேசுவோம்.

நல்ல சுகத்துடன் பால் குடித்து உறங்கிய குழந்தை விடியும்போது உயிரற்றுக் கிடப்பதுண்டு. உடலைப் பரிசோதித்தும், இறந்த சூழ்நிலையை ஆராய்ந்தும் காரணம் புலப்படாவிடின், அதனைச் சிசுவின் திடீர் மரணம் என்று மருத்துவர் வகுப்பர். இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரையுள்ள காலமே ஆபத்து மிகுந்தது. பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள் நிகழ்வன. கண்ணூறு என்பார் சிலர். தாய் கவனியாது உறங்கினாள் என்பார் வேறு சிலர். பிள்ளையை இழந்தவளின் தலையில் பழியையும் ஏற்றுதல் பெருங்கொடுமை.

இதில் அறிஞர்களே தவறிய கதை ஒன்று உண்டு. 1946இல் வெளிவந்த டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்பு நூல் மேனாட்டுத் தாய்மாருக்கு வேதம்போல் விளங்கியது. 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அவர், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நன்று என்று எழுதினார். மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சை அடைக்கும் என்பது அவரது அச்சம். மருத்துவமனைகளும் அதனையே கற்பித்தன. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ‘மல்லாந்து உறங்கவிடுங்கள்’ என்ற இயக்கம் எழுந்த பின்னர், இம்மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. குப்புறப் படுக்கையின் தீங்குக்கு 1970ஆம் ஆண்டளவிலேயே சான்று இருந்தது என்றும், அதனை அன்றே தொகுத்து நோக்கியிருந்தால் பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட சிசுக்கள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் 2005இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. நன்னோக்குடன் கூறிய ஒரு சொல்லின் விலை அது!

பால் புரைக்கேறும் என்ற அச்சம் நம்மவரிடமும் உண்டு. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறினாலன்றி மூச்சுக்குழலுள் புகாது. குப்புறக் கிடக்கும் குழந்தையோ, தான் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்க நேர்கிறது. அப்போது விழித்துத் தலையைத் திருப்பும் ஆற்றல் சில குழந்தைகளின் மூளையில் இன்னும் முதிர்ந்திராது என்று கருதுகின்றனர். பஞ்சுத் தலையணையும் தடித்த போர்வையும் முகத்தில் படிந்தாலும் இதே ஆபத்துத்தான்.

ஆச்சியின் முறை முழுவதும் பிழையா? அன்று. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் வாழும் தெற்காசியக் குடும்பங்களில் இம்மரணம் வெள்ளையர் குடும்பங்களைவிடக் குறைவு. அங்கு இரு சாராரின் பழக்கங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், தெற்காசியத் தாய்மார் புகைப்பதும் மது அருந்துவதும் அரிது, தாய்ப்பால் ஊட்டுவது அதிகம், குழந்தையைத் தனியறையில் விடுவதில்லை என்று கண்டனர். தாயின் அருகே பனையோலைப் பாயில் மெல்லிய சீலை விரித்து மல்லாத்திவிட்ட நம் பாட்டிமார், அந்த அளவில் ஸ்பொக்கை வென்றவர்களே.

பிழைத்த இடங்களும் உண்டு. வாடைக்காற்றுக்கு அஞ்சித் தலைமுதல் கால்வரை பொதிந்துவைத்தல் நன்றன்று. மிகுந்த உடற்சூடு ஆபத்தை வளர்க்கும். வீடு முழுவதும் சூடேற்றிய கனடாவில் உறங்கும் பிள்ளைக்குத் தொப்பி எதற்கு? ஏணையில் குழந்தையின் நாடி நெஞ்சில் குத்தி மூச்சு ஒடுங்கலாம். கண்ணுறங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். புகையிலைக்குப் பெயர்போன குடாநாட்டவராகிய நாம், கருவுற்றவள் அருகிலும் குழந்தை அருகிலும் சுருட்டோ சிகரெட்டோ பற்றவைத்தல் ஆகாது. செற்றியிலோ சாய்மனைக் கதிரையிலோ பிள்ளையை மார்பில் கிடத்தியபடி தகப்பன் கண்ணயர்வது, பார்க்க அழகாயினும், எல்லாவற்றிலும் ஆபத்தானவற்றுள் ஒன்று. குறைமாதக் குழந்தைக்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பிள்ளை தானே உடம்பு பிரட்டித் திரும்பவும் பழகிவிட்டால், இரவெல்லாம் விழித்திருந்து திருப்பவேண்டியதில்லை; கிடத்தும்போது மல்லாத்தினாற் போதும். விழித்திருக்கையில், நாம் பார்த்திருக்கக் குப்புறக் கிடந்து தவழப் பழகட்டும்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஆச்சி, மறுநாள் தலையணையையும் தொப்பிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். பழஞ்சேலை இரண்டும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. “அது பிள்ளை முழிச்சிருக்கேக்கை ஆட்டத்தானே, தம்பி!” என்கிறார்.