செப்டம்பரோடு நீச்சல் குளத்துக்குப் பூட்டு எதுக்கு?

செப்டம்பர் முடிஞ்சா போதும், டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் பல அபார்ட்மெண்ட்கள்ல நீச்சல் குளத்துக்குப் பூட்டு விழுந்துடும். திரும்பத் திறக்க ஏப்ரல் பாதி ஆகும். ஏன்னு கேட்டா, "டண்ட் லக் ஜாயேகி!" அக்டோபர் பகல்ல இங்க சர்வசாதாரணமா 32, 33 டிகிரி அடிக்குது. இதுல என்ன குளிர்ங்க?

நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது டபுள் நஷ்டம். மே மாசம் லீவு விட்டதும் ரயிலேறி ஊருக்குப் போயிடறோம். திரும்பி வந்தா மழை, இடி. இடி இடிச்சா குளத்தை மூடித்தான் ஆகணும், அதுல சண்டை இல்லை. மிச்சம் எத்தனை நாள்? காலை உதைக்கக் கத்துக்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சுடும். அடுத்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்து. இந்த அரைகுறை நீச்சலோட ஊருக்குப் போற பிள்ளை, கிணத்து மேட்டுலயோ காவிரிக் கரையிலயோ நின்னுக்கிட்டு அத்தை பையன் முன்னாடி "எனக்கும் நீச்சல் தெரியும்"னு வீரம் காட்டும். என் பயமே அங்கதான். இந்தியாவுல வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல தண்ணியில மூழ்கிச் சாகறாங்க.

சரி, ராத்திரியில தண்ணி ஆறிப் போகுதே? போகுதுதான். ஆனா அந்தச் சூட்டுல பெரும்பங்கு ஆவியாத்தான் போகுது. 4 அடி ஆழக் குளத்துல மேலாக 1 மி.மீ. ஆவியானா, மொத்தத் தண்ணியும் கிட்டத்தட்ட அரை டிகிரி குளிர்ந்துடும். மண்பானைத் தண்ணி சில்லுனு இருக்கே, அதே கணக்கு. ராத்திரி மிதக்கும் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தினா இதுல பெரும்பகுதியைத் தடுத்துடலாம். தண்ணியும் மிச்சம். நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போன குருகிராம்ல இது சின்ன விஷயமா? பத்தலைன்னா ஹீட் பம்ப் இருக்கு: 1 யூனிட் மின்சாரத்துக்கு 4, 5 யூனிட் சூடு. சாதா ஹீட்டருக்கான கரண்ட் பில்லைக் காட்டிப் பயமுறுத்தற கமிட்டிக்காரங்க இதைப் பத்தி வாயே திறக்கறதில்லை. ஒண்ணு மட்டும் கறாரா இருக்கணும். யாரும் இறங்கறதுக்கு முன்னாடி கவரை முழுசா எடுத்துடணும். பாதி மூடின குளத்துல அடியில மாட்டினவங்க வெளியே வர்றது கஷ்டம்.

சளி பிடிக்கும்னு நம்ம அம்மாக்களும் கமிட்டியோட கூட்டு! சளி வர்றது வைரஸால, குளத்தால இல்லை. பிள்ளை நடுங்க ஆரம்பிச்சா வெளியே ஏத்தித் துவட்டி விடுங்க, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிஞ்சு உண்மையான காரணம் லைஃப்கார்டு காண்ட்ராக்ட். ஆறு மாசத்துக்குப் போட்டாச்சு, அதோட முடிஞ்சது. அப்புறம் பம்பையும் நிறுத்திடுவாங்க. டெங்கு உச்சத்துல இருக்கற அக்டோபர்ல, தேங்கின தண்ணியைக் கொசுவுக்குத் தாரை வார்க்கறாங்க :(

டிசம்பர்ல நீந்தணும்னு யாரும் கேக்கலை. புகை மண்டலம் வந்துடுச்சுன்னா, அது அக்டோபர் கடைசியிலேயே வந்தாலும் சரி, பூட்டிடுங்க. அந்தக் காத்துல மூச்சு வாங்கற விளையாட்டே வேண்டாம். நான் கேக்கறது அக்டோபரும், மார்ச் பாதியிலேர்ந்து ஏப்ரல் பாதி வரைக்கும்தான். இதை அடுத்த ஜெனரல் பாடியில எழுத்துல கொடுங்க, அதுவும் காண்ட்ராக்ட் கையெழுத்தாகறதுக்கு முன்னாடி. அப்புறம் கேட்டா "அடுத்த வருஷம் பாக்கலாம்ஜி"ம்பாங்க.