ஆசிரியர் ஹவார்ட் ஜின்

சரித்திரமென்பது அரசர் பெயரையும் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்து பரீட்சைத்தாளிற் கொட்டிவிடுவதே என்றெண்ணும் மாணாக்கர் நம்முட் பலருளர். அன்னார்க்கு, 2010-ஆம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி தமது 87-ஆம் வயதிற் காலஞ்சென்ற அமெரிக்க சரித்திராசிரியர் ஹவார்ட் ஜின் என்பாரை நினைவூட்ட விரும்புகிறோம்.

இவர் 1922-ல் நியூயார்க் நகரத்து புரூக்ளினில் ஏழை யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். வீட்டிற் புத்தகமில்லை. பெற்றோர் பத்திரிகைச் சீட்டுகளைச் சேர்த்தனுப்பிச் சார்லஸ் டிக்கன்ஸின் நூல்களை மகனுக்கு வரவழைத்துத் தந்தனர். இளமையிற் கப்பற்பட்டறையில் வேலை செய்து, பின் தாமே விரும்பி விமானப்படையிற் சேர்ந்து, குண்டுவீசும் பணியேற்றார்.

1945 ஏப்ரல் மத்தியில், ஐரோப்பாவில் யுத்தம் முடிய மூன்று வாரங்களே எஞ்சியிருந்தபோது, பிரான்சின் கடற்கரைப் பட்டணமாகிய ருவாயான்மேல் நேப்பாம் என்னும் தீக்குழம்பைப் பொழிந்த விமானங்களுள் ஒன்றில் இவரும் இருந்தார். அங்கு ஜெர்மானியச் சேனையொன்று செய்வதறியாது முடங்கிக் கிடந்தது. மேலிருந்தவர்க்குக் கீழே மினுக்கிய ஒளிப்பொட்டுகளே தெரிந்தன; அழுகுரல் கேட்கவில்லை. இருபதாண்டுகளுக்குப் பின், 1966-ல், இவர் அப்பட்டணத்துக்கே திரும்பிச் சென்றார். பிழைத்திருந்தோரைக் கண்டு பேசி, பத்திரங்களைப் படித்து, தாம் செய்த காரியத்தைத் தாமே விசாரித்தெழுதினார். அத்தாக்குதல் வேண்டப்படாதது என்பதே அவர் முடிவு. பிறர் பிழையைத் தேடிச் சரித்திரம் எழுதுவோர் அநேகர். தம் கையை விளக்கின்முன் நீட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? இவ்வொன்றிற்காகவே அவரை மதிக்கலாம் என்பது நம் துணிபு.

யுத்த வீரர்க்கு அரசாங்கம் அளித்த உதவிப்பணத்தாற் கல்வி முடித்த அவர், 1956-ல் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் கலாசாலையிற் சரித்திரத் துறைத் தலைவரானார். கிறிஸ்தவ மாதர் இருவர் 1881-ல் கறுப்பின மகளிர்க்கென நிறுவிய கலாசாலை அது. ஆதலின் நம்மனோர்க்கு இக்கதை அயலதன்று. அந்நகரத்துப் பொதுப் புத்தகசாலை கறுப்பினத்தவரை அனுமதியாதிருந்தது. அவர்தம் மாணவிகள் அங்கே சென்று, ஜான் லாக்கின் நூலையும், சுதந்திரத்தைக் குறித்து மில் இயற்றிய நூலையும் பணிவாய்க் கேட்டுக் கேட்டுத் திரும்பினர். 1959-ல் கதவு திறந்தது. நான்காண்டில், அடங்காதவர் என்று கூறி அவரைக் கலாசாலை விலக்கியது. 2005-ல் அதே கலாசாலை அவரை அழைத்துக் கௌரவப் பட்டமுமளித்தது.

பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1964 முதல் 1988 வரை போதித்தார். 1968-ல் ஹனோய்க்குச் சென்று, சிறைப்பட்டிருந்த அமெரிக்க விமானிகள் மூவரை அழைத்து வந்த இருவருள் ஒருவர் இவர். ஒழிந்த வேளைகளில் நாடகம் எழுதுவார். கார்ல் மார்க்ஸ் மீண்டு வந்து பேசுவதாக ஒன்று செய்தார். 1980-ல் வெளியான அவரது அமெரிக்க மக்கள் சரித்திரம், தோற்றவரும் அடிமைகளும் கூலிகளும் கண்டவாறு அந்நாட்டு வரலாற்றைச் சொல்வது. அந்நூல் ஒருதலைப்பட்சமானது என்று பண்டிதர் சிலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆண்டோர் யாவரும் அதிற் பெரும்பாலும் ஒரே நிறத்தவராய்த் தோன்றுகின்றனர். ஆயினும் தாம் எப்பக்கம் நிற்கிறார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். நடுநிலை என்னும் போர்வைக்குள் பக்கத்தை ஒளித்துவைத்த பாடப்புத்தகங்களைப் படித்தே நாம் தேறியிருக்கிறோம்.

ஓய்வு பெறும் நாளிற் கடைசி வகுப்பை அரைமணி முன்னதாகவே முடித்துவிட்டு, வளாகத்தில் நடந்த மறியலிற் சேரப் போவதாகவும், விரும்புவோர் உடன் வரலாமென்றும் மாணாக்கரிடம் கூறினார். வகுப்பு வகுப்பாகவே நடக்கவேண்டும் என்னும் கொள்கையுடைய நமக்கு அவ்வரைமணி சற்றே உறுத்துகிறது. ஆனால் அன்று அவ்வகுப்பில் இருந்திருப்போமாயின், நாமும் எழுந்து பின்சென்றிருப்போம் என்பதில் ஐயமில்லை.