ரோட்டை விட்டுப் போனது கடை; தெருவுக்குள் வந்தது தகராறு!
சட்டம் மாறும்போதெல்லாம் போர்டு மாறும் மதுக்கடைக் கட்டிடங்கள்

திருப்போரூர்,

ஒரு ஊரில் மது விற்ற கட்டிடத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறப்பதில்லை. கடை போய் பத்து வருஷம் ஆகியிருக்கும். அங்கே இப்போது அரிசி மண்டியோ, செல்போன் கடையோ இருக்கும். ஆனாலும் பஸ்சில் வருபவர், "பழைய ஒயின்ஷாப் ஸ்டாப்புல நிறுத்துங்க" என்றுதான் கண்டக்டரிடம் கேட்பார்!

கந்தசாமி கோவில் உள்ள திருப்போரூரும், அதை ஒட்டிய கடற்கரை ஊர்களும் பனைமரம் நிறைந்த பகுதி. அந்தக் காலத்துக் கள்ளுக்கடைக்குப் பெரிய கட்டிடமே தேவைப்படவில்லை. தோப்பு ஓரம் ஒரு கீற்றுக் கொட்டகை போதும். மண்பானையும், உட்கார ஒரு திண்ணையும் இருந்தால் வியாபாரம் நடந்தது. 1948 அக்டோபர் 2-ந்தேதி சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததும் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். அத்தோடு சரி.

திறப்பு, மூடல், மறுபடி திறப்பு

1971 ஆகஸ்டு 30-ந்தேதி கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன. 1974-ல் மறுபடி மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் மறுபடி பூட்டு. பிறகு தி.மு.க. ஆட்சியில் வந்த மலிவு விலை மதுவை 1991 ஜூலையில் ஜெயலலிதா அரசு நிறுத்தியது. நடுவே தனியார் ஒயின்ஷாப்புகள் நடந்துகொண்டே இருந்தன. 2003 நவம்பர் 29-ந்தேதி சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது 1983-ல். இருபது வருஷம் மொத்த வியாபாரி. அதன் பிறகுதான் கவுண்டருக்கு உள்ளே வந்து நின்றது.

முதலாளி மாறினார். கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் மாறவில்லை. டாஸ்மாக் கடைகள் பெரும்பாலும் வாடகை இடத்தில்தான் நடக்கின்றன. சரக்கு விற்பது அரசாங்கம். பக்கத்தில் தகரம் போட்ட பார் தனியாரிடம் ஏலத்தில் போகிறது. சுண்டல், ஆம்லெட் எல்லாம் பார் ஏலம் எடுத்தவர் கணக்கு. தெருக்காரர்கள் முறையிடுவது கடையைப் பற்றி என்றாலும், விசாரித்துப் பார்த்தால் பாதி வயிற்றெரிச்சல் பாரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

500 மீட்டர்

பெரிய இடி 2016 டிசம்பர் 15-ந்தேதி விழுந்தது. நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, ரோட்டில் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. வழக்கின் ஆரம்பமே தமிழ்நாடுதான், வக்கீல் கே.பாலு போட்ட வழக்கு. 20 ஆயிரம் பேருக்குக் குறைவாக வசிக்கும் ஊர் என்றால் 220 மீட்டர் என்று பிறகு குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு விழுந்தது.

நெடுஞ்சாலையை நம்பியே வளர்ந்த ஊர்களுக்கு இது லேசான விஷயம் அல்ல. திருப்போரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாமல்லபுரம் சாலை ஊருக்கு நடுவே போகிறது. கிழக்கே நெம்மேலி பக்கம் போனால் கிழக்கு கடற்கரைச் சாலை. கடைவீதி என்று எதைச் சொன்னாலும் அது ரோட்டின் மேல்தான் இருக்கும். ரோட்டை விட்டு அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளினால் என்ன வரும்? வீடு, பள்ளிக்கூடம், ஏரிக்கரை, வயல்!

விபத்தைக் குறைக்கச் சொன்ன உத்தரவு, கடையை ஜனங்கள் குடியிருக்கும் பக்கம் தள்ளிவிட்டது. லாரி டிரைவருக்கு எட்டாத இடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கமாகிப் போனது. அந்த ஏப்ரலிலேயே தமிழகத்தில் பல ஊர்களில் பெண்கள் புது இடத்தை மறித்து உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சியை ஊரே டி.வி.யில் பார்த்தது. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று 2017 ஜூலையில் கோர்ட்டே விளக்கம் சொல்லியது. விட்டுப்போன கட்டிடங்களுக்கு வாடகை யோகம் திரும்பியது.

யாரிடம் போய்ச் சொல்வது?

கிராம ஊராட்சியில் கிராம சபை உண்டு. கடை வேண்டாம் என்று தீர்மானம் போடலாம். திருப்போரூர் பேரூராட்சி. இங்கே கிராம சபை கிடையாது. கலெக்டரிடம் மனுதான் வழி. 2003-ம் வருஷத்து விதிப்படி கோவில், பள்ளிக்கூடத்தில் இருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் விலகி இருக்க வேண்டும். நூறு மீட்டர் என்பது மாசித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு கூப்பிடு தூரம்! அதிலும் வணிகப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்துக்கு விலக்கு உண்டு.

"கடையை மூடினா கள்ளச்சாராயம் வரும்" என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கமும், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சரக்கு குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. அடுத்த மாதம், ஜூன் 22-ந்தேதி, 5,329 கடைகளில் 500 கடைகளை அரசு மூடியது.

மூடிய கட்டிடத்துக்கு அடுத்த நாளே ஆள் கிடைத்துவிடாது. வாசலில் பெண்கள் வந்து நிற்கத் தயங்குகிற இடத்தில் ஜவுளிக்கடை வைக்க யார் வருவார்? வெள்ளையடித்து, கம்பி வலையைக் கழற்றி, பார் தகரத்தைப் பிரித்தால்தான் வேறு வாடகை. அதுவரை கட்டிடக்காரர், மறுபடியும் டாஸ்மாக் அதிகாரி வருவாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எதிர் வீட்டுக்காரர், வரக்கூடாதே என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார்.