கூடுவாய் மூலை

ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு அண்மையில் கைமாறியது. தை பிறந்ததும் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள். வெளிநாட்டில் வாழும் உடன்பிறந்தாருக்காக அவ்வீட்டைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து தர இயலுமா என்று நண்பர் கேட்டார். நான் கட்டடக்கலைஞன் அல்லன். வீடு வரையும் மென்பொருள் ஒன்றைப் பொழுதுபோக்காகப் பழகியவன். இருந்தும் ஒப்புக்கொண்டேன்.

திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை எனச் சுவர்கள் இரண்டே மாலைகளில் எழுந்துவிட்டன. கூரைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

மென்பொருளின் கூரைப் பட்டியலில் இருபுறச் சாய்வு, நாற்புறச் சாய்வு, மான்சார்டு, காம்ப்ரெல் என வடிவங்கள் வரிசையாக இருந்தன. காம்ப்ரெல் என்பது முகட்டின் இருபுறமும் இரண்டிரண்டு சாய்வுகள் கொண்ட கூரை. மேற்பகுதி தணிந்தும் கீழ்ப்பகுதி செங்குத்தாகவும் இறங்கும். அமெரிக்கப் பண்ணைக் களஞ்சியங்களில் இதை மிகுதியும் காணலாம். பரணில் வைக்கோல் அடைக்கக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பதே இதன் நியாயம். குதிரையின் பின்னங்கால் மடிப்பை ஒத்திருப்பதால் வந்த பெயர் இது. பின்னங்காலில் எழும் கல்குதிரைகளைச் சேஷராயர் மண்டபத்தில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அத்தகைய கூரையின் கீழ் நம் வீதிகளில் எவரும் உறங்கியதாகத் தெரியவில்லை. அக்கூரை ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. நான்கு புறமும் முற்றத்தை நோக்கி உட்சாயும் நம் ஓட்டுக்கூரை பட்டியலில் இல்லை.

தானியங்கிக் கட்டளையைக் கொடுத்தேன். முற்றத்தையும் சேர்த்து மூடிவிட்டது. நடுவில் துளையிட்டேன், கூரை அப்போதும் வெளிப்புறமாகவே சாய்ந்தது. வேறு வழியின்றி ஒவ்வொரு சாய்வையும் தனித்தனிப் பலகையாக வைத்து இணைக்க முனைந்தேன். மூலைகள் பொருந்தவில்லை.

அளவு நாடாவுடன் மீண்டும் அந்த வீட்டிற்குப் போனேன். காரணம் விளங்கியது. கூடத்துப் பக்கக் கூரைக்கு அகலம் 12 அடி. பக்கவாட்டுத் தாழ்வாரத்திற்கு 9 அடி. இரண்டும் ஏறும் உயரம் ஒன்றுதான், 6 அடி. ஆகவே ஒன்றின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை, மற்றதன் சாய்வு 34 பாகை. சாய்வுகள் சமமாக இருந்தால் அவை சந்திக்கும் கோடு, மேலிருந்து பார்க்கையில், 45 பாகையில் ஓடும். இங்கே அது 9-க்கு 12 என்ற விகிதத்தில் ஓடுகிறது. மென்பொருளோ முழுக் கூரைக்கும் ஒரே சாய்வைக் கொண்டு கணக்கிட்டிருந்தது. கணினி இல்லாத காலத்துத் தச்சர் இந்தக் கணக்கைக் கைமரங்களிலேயே தீர்த்திருக்கிறார்.

அன்று ஓடு பிரிப்பதற்கு விலை பேச வந்திருந்த முதியவர் ஒருவர் அந்த மூலையைக் காட்டி, "இதுதான் கூடுவாய் மூலை. ஒழுகினால் முதலில் இங்கேதான் ஒழுகும்" என்றார். எனக்கு அந்தச் சொல் புதிது. வீடு திரும்பி அகராதியைப் புரட்டினேன்; இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை என்றே தோன்றுகிறது. அதை ஆக்கியவர்கள் தாம் கண்ட கூரைகளைப் பட்டியலிட்டார்கள். நம் கூரையை அளந்து, பெயரிட்டு, வரைந்து வைக்க வேண்டியவர்கள் நாம்தாம். 1987-இல் நிறைவுற்ற ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்பதை இவ்வூரில் சிறுவரும் சொல்வர். ஆலயத்தின் புனரமைப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. அக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தலைமுறைகளாக மனிதர் வாழ்ந்த வீட்டின் கூரை எத்தனை பாகை சாய்ந்திருந்தது என்பதோ, அதன் கீழ்ப் பிறந்தவருக்கே தெரியாது.

எல்லா வீடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் முதிய பெற்றோரை வைத்துக்கொண்டிருப்பவரிடம் அழகியல் பேசுவது அநியாயம். ஆனால் இடிப்பதற்குமுன் அரை நாள் போதும்: ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், பெயர்கள் தெரிந்த முதியவர் ஒருவர். திருச்சி என்.ஐ.டி.யில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. பழைய கட்டடங்களை அளந்து வரைவது அப்படிப்பில் வழக்கமான பயிற்சிதான். ஆண்டுக்குச் சில ஸ்ரீரங்கத்து வீடுகளை வரைந்து பொதுவில் வைத்தால், பட்டியலில் இல்லாததை வரைய முனையும் அடுத்தவருக்கு அது உதவும்.

என் வரைபடம் ஒருவழியாக முடிந்தது. கோப்பில் அந்த நான்கு மூலைகளுக்கும் 'கூடுவாய்' என்றே பெயரிட்டிருக்கிறேன். நண்பர் அதை உடன்பிறந்தாருக்கு அனுப்பிவிட்டார். மழைநீர் விழும் இடம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்ததாம்.