எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தீப்பெட்டி லேபிள், பட்டாசு டப்பா அட்டை, தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து, திருவிழா நோட்டீஸ், சினிமா போஸ்டர் என்று நம் வட்டாரத்தில் அச்சாகாத காகிதம் கிடையாது. நாடு முழுக்கப் போகிறது. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தீப்பெட்டி லேபிளைப் பார்க்க வேண்டும் என்று சாத்தூரிலோ சிவகாசியிலோ கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பர் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். அச்சடிக்கத் தெரிந்த ஊருக்கு, அடித்ததில் ஒன்றை எடுத்து வைக்கத் தெரியவில்லை. இது நமக்குப் பெருமை இல்லை என்பதுதான் என் கருத்து.

"குப்பையைச் சேர்த்து வைத்து என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் இதே கேள்வியைத் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். கேப்டன் குக்கோடு கப்பலில் போன தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை சாரா சோபியா பேங்க்ஸ் (1744–1818) கடைக்காரர்களின் விளம்பர அட்டை, விசிட்டிங் கார்டு, நுழைவுச் சீட்டு என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. லண்டனில் மரச்சாமான் வியாபாரம் செய்த ஆம்ப்ரோஸ் ஹீல் பழைய கடைகளின் வியாபார அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அதுவும் அதே மியூசியத்துக்குப் போனது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஜான்சன் சேர்த்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுக் காகிதங்கள் 1968 முதல் அங்குள்ள பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அதில் காதலர் தின வாழ்த்து அட்டைகூட உண்டு. 1840இல் ஒரு பென்னி தபால் வந்ததும் சாதாரண ஜனங்களும் அட்டை அனுப்ப ஆரம்பித்தார்கள். தபால் கட்டணம் குறைந்தால் மனுஷன் மனசு எப்படித் திறக்கிறது என்று அந்த அட்டைகளை வைத்து இன்று படிக்கிறார்கள்.

நமக்கும் ஒரு முன்னோடி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் வரை சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை அடித்தளமாக வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு தனிமனிதர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்திராவிட்டால் அத்தனையும் கரையானுக்குத்தான் போயிருக்கும்.

சட்டமும் இந்தக் காகிதங்களைக் காப்பாற்றாது. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகைகளுக்கும் அப்படி ஏற்பாடு உண்டு. தீப்பெட்டி லேபிளுக்கு இல்லை. புத்தகம் அச்சடிக்கும் ஊருக்கு அரசாங்கம் காவல். லேபிள் அடிக்கும் ஊருக்கு நாமேதான் காவல்.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய ஆள். அந்தப் பழக்கத்தில் ஒரு பாடம் சொல்கிறேன். வீட்டுப் பரணில் தேதி இல்லாத ஒரு பழைய நோட்டீஸோ லேபிளோ கிடைத்தால் அதன் வயசை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. "நயா பைசா" என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். "சென்னை மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். ணை, லை, னை எழுத்துகள் பழைய கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் பழைய அச்செழுத்தை அதற்குப் பிறகும் சில காலம் ஓட்டியவர்கள் உண்டு, அதனால் மற்ற அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாத்தூருக்கு "இராமநாதபுரம் மாவட்டம்" என்று போட்டிருந்தால் 1985க்கு முன். "காமராஜர் மாவட்டம்" என்றால் 1985க்கும் 1997க்கும் இடையில். அதற்குப் பிறகுதான் விருதுநகர் மாவட்டம்.

பார்த்தீர்களா? உள்ளங்கை அளவு காகிதத்தில் நாணயம், தபால், மாநிலம், மாவட்டம், எழுத்து எல்லாம் மாறிய கதை இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடத்தை இதைவிட எளிதாக நடத்த முடியுமா?

நம் ஊர்க் கதையும் அதில்தான் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வளர்ந்த அச்சுத்தொழில்தான் பிறகு காலண்டருக்கும் பத்திரிகைக்கும் போனது. பக்கத்துக் கோவில்பட்டியில் நாடகத் திரைச்சீலை வரைந்த கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனையோ வீட்டுப் பூஜை அறைக்குப் போயின. இந்தக் காலண்டர் படங்களை ஆராய்ந்து கஜ்ரி ஜெயின் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2007இல் வந்தது. எங்கிருந்தோ வந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கொண்டைய ராஜுவின் பெயர் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். பழைய லேபிளைச் சிலர் இப்போது அழகுக்காக வாங்குகிறார்கள். கண்ணாடி போட்டு ஹோட்டல் சுவரில் மாட்டுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அழகு மட்டும் மிஞ்சினால் பாதிக் கதை போய்விடும். அந்த லேபிளை ஒட்டிய கை யாருடையது? தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியதும் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியதும் பெரும்பாலும் பெண்கள். ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள். விடியும் முன்னே வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போன காலம் இந்தக் கரிசல் பூமியில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் தொடர்ச்சியாக விழுந்த 'ஆ'ப்சென்ட்டுக்குக் காரணம் ஆசிரியர்களுக்குத் தெரியும். சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அதனால் லேபிளை மட்டும் சேர்த்தால் போதாது. பெட்டி ஒட்டிய கணக்கு நோட்டு, கூலிச் சீட்டு, போனஸ் நோட்டீஸ், சங்கத்துத் துண்டுப் பிரசுரம் எல்லாம் சேர வேண்டும். முதலாளி வீட்டு ஆல்பமும் தொழிலாளி வீட்டுக் கணக்கு நோட்டும் ஒரே அலமாரியில் இருந்தால்தான் அது ஊரின் வரலாறு.

"தொழிலே தள்ளாடுகிறது, இப்போது இது தேவையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தீப்பெட்டி 2007 முதல் ஒரு ரூபாய்க்கே விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. லைட்டரோடு போட்டி தாங்காமல் போராடிய பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடை செய்தது. பட்டாசுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் நீதிமன்ற வழக்கு. பொங்கல் வாழ்த்து அட்டையைச் செல்போன் விழுங்கிவிட்டது. தொழில் சுருங்கும்போதுதான் ஒவ்வொரு ஆபீஸாக, ஒவ்வொரு அச்சகமாகக் காலி செய்கிறார்கள். அப்போதுதான் எல்லாம் எடைக்குப் போகிறது. பிறகு தேடினால் கிடைக்காது.

என்ன செய்யலாம்? மூன்று யோசனை.

ஒன்று. காலண்டர் தொழில் செய்பவர்கள் வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் புது ஆல்பம் வெளியிடுகிறீர்கள். அன்றைக்கே ஒரு ஆல்பத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். லேபிள், பத்திரிகை அடிப்பவர்களும் புது டிசைனுக்கு ஒரு பிரதி வையுங்கள். ஓவியர் பெயர், வருஷம், எத்தனை பிரதி என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இரண்டு. வீட்டில் இருப்பதைக் கெடுக்காதீர்கள். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், பசை போட்டு நோட்டில் ஒட்டவும் வேண்டாம். பின்பக்கம் பென்சிலால் மெதுவாக விவரம் எழுதுங்கள். வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் தட்டையாக வையுங்கள். முக்கியமாக, தீப்பெட்டி என்றால் குச்சியை அகற்றிவிடுங்கள். பட்டாசு என்றால் காலி டப்பா மட்டும்தான். பழைய வெடியை ஞாபகார்த்தமாக யாரும் வீட்டில் வைக்கக் கூடாது.

மூன்று. விருதுநகரில் அரசு அருங்காட்சியகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ இதற்கென்று ஓர் அலமாரி வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, போட்டோ எடுத்து வைக்க ஒரு ஆள். அச்சக உரிமையாளர் சங்கங்களும் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியாளர்களும் மனசு வைத்தால் ஆகாத காரியமா?

என்னிடம் படித்தவர்களில் அச்சகத்தில் இருப்பவர்களும், பயர் ஆபீஸில் இருப்பவர்களும், பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். உங்கள் வீட்டில், கடையில் எந்த வருஷத்துக் காகிதம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். போட்டோ இருந்தால் போடுங்கள். முதலில் ஒரு பட்டியல் சேரட்டும். பட்டியலோடு போய்க் கேட்டால்தான் அதிகாரிகளும் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள்.