சைலன்சரைக் கழற்றினால் நாதம் பிறக்குமா?

ஃபோர்டு மஸ்டாங்கின் சைலன்சர் அதன் குரல்வளையில் விழுந்த முடிச்சு என்றும், அதை அறுத்தெறிந்தால் ஃபெராரியின் நாதம் தானே பிரவாகமெடுக்கும் என்றும் நண்பர் வாதிக்கிறார். அந்த நாதத்தின்மீது அவருக்குள்ள பிரேமை எனக்கும் உண்டாதலால், அவர் காட்டும் மார்க்கம் தவறானது என்பதை வற்புறுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

குரலின் குணம் பிறக்குமிடம் குழாயின் வாயன்று, கிராங்க் தண்டு. மஸ்டாங் ஜிடியின் எட்டு சிலிண்டர் எஞ்சினில் அத்தண்டின் மடிப்புகள் சிலுவைபோல் அமைந்திருப்பதால், ஒரு வரிசையின் நான்கு சிலிண்டர்களும் 90, 180, 270 பாகைகள் என ஒழுங்கற்ற இடைவெளிகளில் வெடிக்கின்றன. புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையை நீட்டினால், இரண்டு அடி நெருங்கியும் மறு அடி பிந்தியும் விழும் அத்தாளப் பிறழ்ச்சியை விரலே உணரும். ஃபெராரியின் எட்டு சிலிண்டர் எஞ்சினிலோ தண்டு தட்டையானது. இடைவெளி யாவும் 180 பாகை. ஷெல்பி ஜிடி350 என்னும் மஸ்டாங் வகைக்கு ஃபோர்டு அத்தகைய தண்டை இட்ட பின்னரே மஸ்டாங்கின் குரல் மாறிற்று.

குழாயால் இது ஆகவே ஆகாதா? ஆகும், ஜிடி40 பந்தயக் காரில் இரு வரிசைக் குழாய்களையும் பாம்புகளைப்போல் குறுக்கே பின்னி இடைவெளியைச் சமன் செய்தார்கள். ஆனால் அது எஞ்சினின் வாசலில் செய்த வேலை, பின் பம்பருக்கடியில் செய்ததன்று.

வெறுங்குழாயோடு நெடுஞ்சாலையில் 2,000 சுற்றில் சென்றால், விநாடிக்கு 133 வெடிப்புகள் எழுப்பும் ஒற்றை ஸ்வரம் காருக்குள் அடைபட்டு, பின்கண்ணாடி நடுங்க, பக்கத்திலிருப்பவர் பேச்சையே விழுங்கிவிடும். அந்த ஸ்வரத்தின் அலைநீளத்தில் கால் பங்குள்ள, முனையடைத்த பக்கக்குழாய் ஒன்றைப் பற்றவைத்து அதைத் தணிக்கலாம். நண்பர் முதலில் அதைச் செய்து பார்க்கட்டும்.